மேகத்தை வைகிற தோப்புக்காரர்

உடுமலைப்பேட்டையிலிருந்து கோவை வரும் பஸ். கிணத்துக்கடவு தாண்டியதும் தூறல் விழுந்தது. எனக்கு முன் சீட்டில் இருந்த அக்கா ஜன்னல் ஷட்டரை இறக்கிக்கொண்டே பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

"எங்கூட்டுக்காரரு இந்நேரம் மேகத்தை வஞ்சுட்டு நிப்பாருங்க அம்மிணி."

நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்தினேன். பக்கத்துப் பெண் கேட்டார்:

"தென்னந்தோப்பு வெச்சிருக்கறவரு மேகத்தை வையலாமுங்களாக்கா?"

"மாடியில சோலார் போட்டமில்லீங்க. பஞ்சாயத்து ஆபீசுல கேம்ப் வெச்சு, பேங்க்காரங்களையும் கூட்டியாந்து உக்கார வெச்சிருந்தாங்க. நாந்தான் லோனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். சும்மா அடிக்கிற வெயிலுக்குக் கடனான்னு எங்கூட ஒரு வாரம் பேசலைங்க."

"அப்புறம்?"

"மானியமும் வந்துருச்சு, கரண்டு பில்லும் கொறஞ்சுருச்சு. இப்பப் பொழுதுக்கும் அந்த மீட்டரையேதான் பாக்கறாரு. ஒரு மேகம் மறைச்சாப் போதும், வாசல்ல நின்னு, 'ஊட்டு மேல உனக்கென்ன வேலை, போய்த் தோப்புல பெய்யி'ங்கறாரு."

"தோப்பு எங்கீங்கக்கா இருக்குது?"

"ஊட்டைச் சுத்தியும் அதுதானுங்க."