பொலிகுதிரையின் இடது கண்

டீ ஆறிவிட்டதே என்று கவலைப்படாதீர்கள், ஐயா. நான் எதையும் சூடாகக் குடிப்பதில்லை. லாயத்தில் வேலை முடித்து வருவதற்குள் எப்படியும் ஆறித்தான் கிடக்கும். பழகிவிட்டது.

என் வேலை பலருக்குப் புரியாது. ஒரு பழைய குதிரை இனம் கலப்பாகிப் போகாமல் காப்பாற்றுவது. எந்தப் பொலிகுதிரையோடு எந்தப் பெட்டையைச் சேர்க்கலாம், எந்தக் குட்டியைப் பதிவில் ஏற்றலாம் என்று முடிவு சொல்லும் பதிவாளர் நான்தான். விதிகளை எழுதியதும் நான்தான். குறையோடு பிறந்தது பதிவில் ஏறாது. ஆண் என்றால் காயடித்துவிட வேண்டும். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஆசை ஆசையாக வளர்த்த குட்டிக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கல். காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவர் கண்ணெதிரேயே காயடிக்கச் சொன்னேன். பிறகு மறைத்துவிட்டதாகப் பேச்சு வரக் கூடாது பாருங்கள்.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, சுத்த ரத்தத்தில் ஒரே ஒரு ஆண்தான் மிஞ்சினான். பெரியவன் என்று கூப்பிடுவோம். அவன் குட்டியாக இருந்தபோது இடது கண்ணருகே கையை ஆட்டிப் பார்த்தேன். இமைக்கவில்லை. பிறவிக் குருடு. யாரிடமும் சொல்லவில்லை. விதிப்படி நடந்தால் இனம் அவனோடு முடிந்துவிடும். விதியைப் போட்டதே இனத்துக்காகத்தானே.

அந்தப் பக்கமாகப் போகும்போது பேசிக்கொண்டே போக வேண்டும். ஓசையில்லாமல் போய்த் தொட்டால் மிரண்டு உதைப்பான். அது எனக்கு மட்டும் தெரியும்.

எனக்கு முட்டிவலி வந்த பிறகு தங்கையின் கணவரை வேலைக்கு வைத்தேன். வலது பக்கமாகவே போகச் சொல்லியிருந்தேன். கலகலப்பான மனிதர். பெரியவனுக்குப் பெட்டை தேடி நான் நாலு தலைமுறை விசாரிப்பதைப் பார்த்து, "உங்க தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தப்பகூட இவ்வளவு விசாரிச்சிருக்க மாட்டீங்க மச்சான்" என்பார். உண்மைதான்.

ஒருநாள் காலையில் வந்து நின்றார். "மச்சான், இவனுக்கு இடது கண்ணு தெரியல போலிருக்கே. நாளைக்கு டாக்டர் வர்றாருல்ல, காட்டிடலாம்."

"எதுக்கு மாப்பிள்ளை வீண் பேச்சு?"

"அந்த வாத்தியார் குட்டிக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒரு நியாயமா? நான் சொல்லத்தான் போறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. "கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆள் வர்ற சத்தம் கேட்டா வேணும்னே அசையாம நிப்பான், கள்ளன். இடது பக்கமா சத்தம் போடாம போய்ப் பின்தொடையில ஒரு தட்டு தட்டிப் பாருங்க. கை படறதுக்கு முன்னாடியே பார்த்துத் திரும்புவான்" என்றேன்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

உதை நெஞ்சில் விழுந்தது. முதலில் பெரியவனை வெளியே கொண்டுபோய்க் கட்டினேன். கால் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். நல்லவேளை, ஒன்றுமில்லை. திரும்பி வந்தபோது மாப்பிள்ளைக்கு மூச்சு இருந்தது. "மச்சான்... ஆம்புலன்ஸ்..." என்றார். "கூப்பிட்டாச்சு" என்றேன். போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. வைக்கோல் கட்டில் உட்கார்ந்து, மூச்சு நிற்கும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரைத் தனியாக விடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு சாட்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். குதிரையை அடித்தார், அது உதைத்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். பெரியவனைச் சுட்டுவிட வேண்டும் என்று பலர் கிளம்பினார்கள். தங்கைதான் குறுக்கே நின்றாள். "வாயில்லா ஜீவன். இவர் அடிச்சிருக்கக் கூடாது" என்று அழுதாள். புருஷன் செய்த தப்புக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் மன்னித்தேன்.

அவர் பார்த்த வேலையை அவளே செய்ய ஆரம்பித்தாள். பெரியவனும் அவளோடு ஒட்டிக்கொண்டான். நேற்று தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அண்ணா, இவனுக்கு இந்தக் கண்ணு தெரியாதா?"

மாப்பிள்ளையிடம் சொன்னதையே ஒரு வார்த்தை மாற்றாமல் அவளிடமும் சொன்னேன். வேறு சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அவள் இடது பக்கமாகப் போனாள். ஆனால் பாதி தூரத்திலேயே, "நான்தான்டா தங்கம், பயப்படாதே" என்று கொஞ்ச ஆரம்பித்துவிட்டாள். பெரியவன் காதை மட்டும் திருப்பினான். அசையாமல் நின்றான். அவள் அவன் முதுகில் கை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவர்கிட்டயும் இப்படித்தான் சொன்னீங்களா அண்ணா?"

"ஆமாம்மா" என்றேன். அவளிடம் நான் பொய் சொல்லி வளர்ந்தவன் இல்லை.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள் போலிருக்கிறது. அவள்மேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். சின்ன வயசிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்க மாட்டாள். சத்தம் போடாதே என்று அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் போட்டாள். குதிரைகளோடு பழகுகிறவர்களுக்கு அந்த அலட்சியம் ஆகாது, ஐயா. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் தாங்குவேனா?