பொட்டு வைத்த ஐரிஷ் பைப்

திருச்செங்கோட்டிலிருந்து ஈரோடு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சாமான்னு இருந்தா ஆயுத பூசைக்குப் பொட்டு வெக்காம உடுவாங்களா? போர் போடற ரிக் லாரிக்கு வெச்சேன், ஸ்பேனருக்கு வெச்சேன், அப்படியே நீங்க சேத்து வெச்சிருக்கற புகை பிடிக்கிற பைப்புக்கும் வெச்சேன்."

"அது அயர்லாந்துல புனித பேட்ரிக் திருநாளுக்குன்னு வருசத்துக்கு ஒரு தினுசாக் கொஞ்சமாப் பண்றது அம்மிணி. நான் வாயிலகூட வெச்சதில்ல. ஒரு கீறல் உழுந்தாலே மதிப்புப் போயிரும். இப்பச் சந்தனமும் குங்குமமும் மரத்துல ஊறிப்போச்சு."

"அந்தப் பேட்ரிக்கும் சாமிதானுங்களே. பொட்டு வெச்சாக் கோவிச்சுக்குவாரா?"

கணவர் பள்ளிபாளையம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது அவருடைய போன் சத்தம் போட்டது. எடுத்துப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"வயிறெரிஞ்சுபோய் போட்டோவ மட்டும் பைப் சேக்கறவங்க குரூப்புல போட்டிருந்தேன். அயர்லாந்துக்காரர் ஒருத்தர் கேக்கறாரு. மஞ்சளும் செவப்புமாப் பொட்டு வெச்ச இந்தப் பைப் எந்த வருசம் வந்துச்சு, என்கிட்ட எல்லா வருசத்துதும் இருக்கு, இது மட்டும் இல்லையேங்கறாரு."

அந்த அம்மாள் கூடையை மடியில் சரியாக வைத்துக்கொண்டார்.

"அவரோடதை அடுத்த ஆயுத பூசைக்கு இங்க அனுப்பச் சொல்லுங்க. வெச்சுத் தாரேன்."