முட்டைக் கோப்பி ஆறுவதற்குள்

சங்கர்: ஹலோ... மிருணா... உயிரோட இருக்கியா?

மிருணா: இருக்கிறன். ரோட்டுக்கு மற்றப் பக்கம். புருஷன் எண்டு ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கொண்டு இறங்கினவர், ரெண்டாவது அடியிலேயே கையை உதறிப்போட்டு ஓடீட்டார். கண்டனீங்களோ?

சங்கர்: நான் ஓடலை. என் கால் ஓடுச்சு. அந்த ஸ்கூட்டர்காரன் பின்னாடி ஃப்ரிட்ஜைக் கட்டிக்கிட்டு வந்தான் மிருணா... ஃப்ரிட்ஜு!

மிருணா: அவன் சுத்திப் போயிருப்பான். ஹொஸ்டல் பிள்ளை வடிவாச் சொன்னவள்தானே... மெதுவா நடவுங்கோ, நில்லாதேங்கோ, பின்னுக்குப் போகாதேங்கோ எண்டு. ஹனோய்க்கு வந்து மூண்டு நாள். இந்த ஒரு பாடம் ஏறேல்லை.

சங்கர்: இங்க எங்கயாவது பொத்தான் இருக்கும்...

மிருணா: என்ன பொத்தான்?

சங்கர்: சிட்னியில ரோட்டைக் கடக்க அமுக்கினா சிக்னல்ல பச்சை மனுஷன் வருவானே, அது.

மிருணா: ஐயோ, அதைத் தடவாதேங்கோ! அது கரண்ட் கம்பம். சனம் பார்க்குது.

சங்கர்: நீ திரும்பி வந்துடேன்...

மிருணா: மாட்டன். இந்த ஊர் முட்டைக் கோப்பி, மஞ்சள் கரு அடிச்சு ஊத்தினது, ரெண்டு வாங்கியாச்சு. என்ர பாதி முடிஞ்சுது. உங்கட ஆறுது.

சங்கர்: முதுகுல பன்னெண்டு கிலோ மூட்டை. யாரு சொன்னது, பேக்பேக் மாட்டிக்கிட்டு ஊர் சுத்தலாம்னு?

மிருணா: நீங்கள். சக்கரம் வச்ச பெட்டி கிழவர்மாருக்கு எண்டதும் நீங்கள்தான். இப்ப ஒரு கிழவர் உங்களைத் தாண்டிப் போறார், பாருங்கோ.

சங்கர்: பாத்தேன். சிகரெட் வேற பத்த வெச்சிக்கிட்டே போறார்... அது கிடக்கட்டும். மெல்போர்ன் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்ல இன்னிக்கு அஞ்சு மணிதானே கடைசி? அங்க இப்பவே நாலரை.

மிருணா: கதையை மாத்தாதேங்கோ.

சங்கர்: அந்த வேலைக்குப் போறியா, இல்லையா? மூணு நாளாக் கேக்கிறேன்.

மிருணா: நானும் மூண்டு நாளாக் கேக்கிறன், நீங்கள் வருவீங்களோ எண்டு. "உன் இஷ்டம்"... "நீ எது சொன்னாலும் சரி"... அது பதிலோ?

சங்கர்: பெருந்தன்மைன்னு நினைச்சேன்.

மிருணா: பயம்.

சங்கர்: ...கொஞ்சம் பயம்தான். சிட்னியில, குவேக்கர்ஸ் ஹில்ல என் வேலை இருக்கு, ஆறு வருஷம் வளத்த கறிவேப்பிலை இருக்கு. மெல்போர்ன் குளிருக்கு அது செத்துப்போகும். அங்க நோபல் பார்க்ல உங்கம்மா வேற இருக்காங்க.

மிருணா: என்ன?!

சங்கர்: தங்கமானவங்கன்னு சொல்ல வந்தேன்... இரு, இரு. ஒரு பூக்கார அக்கா சைக்கிளை உருட்டிக்கிட்டு ரோட்டில இறங்குறாங்க. அவங்க பின்னாடியே வந்துடறேன்.

மிருணா: வாங்கோ. போனை வைக்காதேங்கோ. நேராப் பாருங்கோ... நில்லாதேங்கோ... ஏன் நிண்டனீங்கள்?

சங்கர்: அக்கா நின்னுட்டாங்க. நடு ரோட்டில. நான் பூ வாங்கத்தான் பின்னாடி வர்றேன்னு நினைச்சிட்டாங்க.

மிருணா: அப்ப வாங்குங்கோவன்!

சங்கர்: வாங்கிட்டேன்... மிருணா, வண்டியெல்லாம் சுத்திச் சுத்திப் போகுது. யாருமே இடிக்கலை!

மிருணா: சொன்னனான்தானே.

சங்கர்: இங்கேர்ந்து பின்னாடி போனாலும் பாதி ரோடு, முன்னாடி வந்தாலும் பாதி ரோடு.

மிருணா: ...எங்க போகப்போறீங்கள்?

சங்கர்: உங்கிட்டத்தான். மெல்போர்னுக்கும்தான். கறிவேப்பிலையைத் தொட்டிக்கு மாத்தி மடியில வெச்சுக்கிட்டாவது வர்றேன்.

மிருணா: ...

சங்கர்: ஹலோ? கேக்குதா? அழறியா என்ன?

மிருணா: போனைக் காதால எடுங்கோ. எனக்கு முன்னாலதான் நிக்கிறீங்கள்.

சங்கர்: அட... வந்துட்டேனா! இந்தா, தாமரை. இப்பவாவது நேரா ஒரு பதில் சொல்லு. போறியா?

மிருணா: சிட்னி ஏர்போட்டில நீங்கள் பெல்ட்டைக் கழட்டிக்கொண்டு நிக்கேக்கையே ஆஸ்பத்திரிக்கு "வாறன்" எண்டு எழுதிப் போட்டன். இண்டைக்கு அஞ்சு மணி, வேண்டாம் எண்டு சொல்லத்தான் கடைசி நேரம். அதையும் எழுதி வச்சிருந்தனான்... நீங்கள் அந்தக் கரையிலேயே நிண்டிருந்தா அனுப்பியிருப்பன்.