கேப்டன் மேல் வெள்ளைப் புள்ளி

ஹார்ம்: மணல்தான் வீப்கே. கேப்டன் தொட்டித் தரையைக் கிளறியிருக்கும், மேல ஒட்டிக்கிச்சு.

வீப்கே: மணல்னா ஒரு உலுக்கல்ல உதிர்ந்துடும் அண்ணா. இது உப்புக்கல் மாதிரி துடுப்புலயே உட்கார்ந்திருக்கு. பாரு, பாறையில போய் உடம்பை உரசுது.

ஹார்ம்: போன வாரமும் இப்படித்தான் வந்துச்சு. தானா போயிடுச்சே.

வீப்கே: போன வாரமேவா... போகல. இந்த நோய்க்கிருமி மணல்ல இறங்கிப் பெருகிட்டு, இப்ப இன்னும் அதிகமா ஏறியிருக்கு.

ஹார்ம்: நாளைக்கு மீன் வளர்ப்புச் சங்கத்துக்காரங்க வராங்க. பிரேமர்ஹாஃபன் ஊர்லயே ரொம்ப வயசான கோமாளி மீன்னு கேப்டனுக்குப் பட்டயம். விளக்கை மங்கலா வெச்சுட்டா...

வீப்கே: அதுக்குள்ள மூச்சு நின்னுட்டா? இப்பவே எல்லா மீனையும் பிடிச்சுக் கீழ்த்தள அறையில இருக்கற வேற தொட்டிக்கு மாத்தணும். செம்பு மருந்தை அங்கதான் போடணும். இங்க ஊத்தினா பவளமும் இறாலும் செத்துடும்.

ஹார்ம்: நம்ம ட்யார்க்ஸ் வீட்டு மீனுக்கு நோய்னு ஊர் சிரிக்கணுமா? அப்பா வெச்ச தொட்டி இது.

வீப்கே: அவர் பேரைக் காப்பாத்தறேன்னு அவர் மீனைக் கொன்னுடாதே.

ஹார்ம்: ...நான் கப்பல்லேருந்து வந்தா, கோட்டைக்கூட கழட்ட விடமாட்டார். "முதல்ல கேப்டனுக்கு வணக்கம் சொல்லு"ம்பார்.

வீப்கே: நீயும் விறைப்பா நின்னு சல்யூட் அடிப்பே. அம்மா போட்ட டீ ஆறிக் கிடக்கும்.

ஹார்ம்: சிரிக்காதே.

வீப்கே: ஒண்ணு மட்டும் புரியல. இந்தப் புள்ளி தானா முளைக்காது. புதுசா ஏதாவது உள்ள வந்தா, அதோட ஒட்டிக்கிட்டு வரும். அப்பா போனதுக்கப்புறம் இதுல எதையும் விடலைன்னு நீதானே சங்கத்துல மார்தட்டினே?

ஹார்ம்: ...தட்டினேன்.

வீப்கே: அப்புறம்?

ஹார்ம்: நீ உன் மகளைப் பார்க்கப் போனப்ப... எழுந்து வந்து பார்த்தா, கேப்டன் செத்து மிதக்குது. ஹாம்பர்க் போய் அதே மாதிரி ஒண்ணு...

வீப்கே: வாங்கிட்டு வந்து நேரா விட்டுட்டியா? புது மீனைக் கீழ வாரக்கணக்குல தனியா வெச்சுத்தானே விடணும். அப்பா போட்ட சட்டமாச்சே.

ஹார்ம்: வெச்சா நீ பார்த்துடுவியே. அப்பா குடுத்துட்டுப்போன மீனை நான் சாகவிட்டேன்னு எந்த வாயால சொல்றது...

வீப்கே: வலையை எடு அண்ணா.

ஹார்ம்: அவர் இருந்தா என் முகத்துல முழிக்கமாட்டார்.

வீப்கே: முழிப்பார். நீ கடல்ல இருந்தப்ப ரெண்டு தடவை கேப்டன் செத்து, அவரே அதே மாதிரி வேற மீனை வாங்கி விட்டார். உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான்.