வேலிக்கு மேலே வந்த வாளி

எழுபதுகளில் ஒரு மாலை. தாம்பரம் மின்ரயிலில் என் முதுகுக்குப் பின்னால் எங்கள் காலனியின் பழைய தலைவர் யாரிடமோ பொருமிக்கொண்டிருந்தார்.

"எங்க வெளியுறவுக் கொள்கையே போச்சு சார். தண்ணிப் பஞ்சத்துல எங்களுக்குக் கிணத்தைத் திறந்துவிட்டது பக்கத்துக் காலனி. என் காலத்துல கிறிஸ்மஸ் கேக்குல முதல் துண்டு அவங்களுக்குத்தான். புதுத் தலைவர் வந்தார், அவங்க ஆடு வருதுன்னு நடுவுல முள்வேலி போட்டுட்டார்!"

புதுத் தலைவர் நான்தான். செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்தேன்.

"அப்ப தண்ணி நின்னுபோச்சா?"

"அதான் சார் ஆச்சரியம். வேலிக்கு மேல வாளியைத் தூக்கித் தூக்கிக் குடுக்கறாங்க. அவங்கள்ல ஒரு அம்மாவுக்குக் கையில கம்பி கிழிச்சிடுச்சு. ஒரு வார்த்தை சொல்லலையே!"

தாம்பரத்தில் இறங்கியதும், வீட்டுக்குப் போகாமல், கம்பி வெட்டும் குறடு வாங்கப் போனேன்.