சிபியுவுக்கும் ஒரு டிக்கெட்

…லக்கேஜு டிக்கெட்டாம்ல, லக்கேஜு டிக்கெட்டு! கேட்டியாம்மா கண்டக்டரு சொன்னதை? என் மடியில நான் வச்சிக்கிட்டு வர்றேன், அவரு தலையிலயா எறக்கி வச்சேன்? ஆட்டுக்குட்டி ஏத்துனா டிக்கெட்டு போடு, சரி. வாழத்தாரு ஏத்துனா போடு. இது சிபியு சார், கம்ப்யூட்டரோட உசுரே இதுக்குள்ளதான் இருக்கு, ஒடம்பு சரியில்லாத புள்ளயை பெரம்பலூருக்கு தூக்கிட்டுப் போற மாதிரி தூக்கிட்டுப் போறேன்னு அவ்ளோ சொல்றேன்… அப்பவும் சீட்டைக் கிழிச்சி கையில குடுத்துட்டுப் போறாரு. போவட்டும், போவட்டும். நீ கொஞ்சம் ஜன்னலோரம் நவுந்துக்க கண்ணு. ஆங், அப்படித்தான். இந்த ஓரத்தை மட்டும் உன் மடியில லேசா சாச்சுக்கிறேன். வெயிட்டே இல்ல… சரி, கொஞ்சம் இருக்கு. இரும்புல்ல.

துப்பட்டாவால மொகத்தை நல்லா சுத்திக்கிட்டியா, அதுஞ் சரிதான். முன்னால போவுது பாரு சுண்ணாம்புக்கல்லு லாரி! நம்ம அரியலூர்ல வூட்டைக் கட்டி உட்டுட்டா போதும், பூச்சுவேலையை லாரியே பாத்துக்கும். கண்ணு மட்டுந்தான் தெரியுது உனக்கு. தெனம் போறியா பெரம்பலூருக்கு? வேலைக்கா? நல்லது, நல்லது. அந்த ஒயரை காதுலருந்து எடுத்துரு, பாட்டைப் போயி அப்புறம் கேட்டுக்கலாம்.

ஏ… ஏ… ஏ! அந்தக் கவரை நோண்டாதம்மா! மூலையில பிரிஞ்சுக்கிட்டு வருது பாரு. இந்தப் பொட்டியோட பக்கவாட்டுக் கண்ணாடி மேல கம்பெனிக்காரனே ஒட்டிக் குடுத்தது அது. ஒரு கீறல் உழுந்திருக்கா பாரு? உழுவாது. எங்க வூட்டுல புது சாமான் மேல கவரை உரிக்கிற பழக்கமே கெடையாது. ஃபிரிட்ஜு வாங்கி ஏழு வருசம், கதவுல ஒட்டுன ஸ்டிக்கரு கூட அப்படியே இருக்கு. டிவி ரிமோட்டு இன்னும் பாலிதீன்லதான். பீரோவைத் தொட்டுப் பாத்தா மொறுமொறுங்கும். எங்க கொழுந்தனாரு காரு சீட்டுல கவரு, வெயில்ல ஏறுனோம்னா முதுகுத்தோலு அதோட போயிடும்… போனா என்னா, தோலு வளந்துக்கும், சீட்டு வளருமா?

என்னமோ சொல்ல வந்தியா? இரு, இதை முடிச்சிர்றேன். இல்லன்னா மறந்துடுவேன்.

எங்க உட்டேன்? ஆங், சிபியு. நாங்க கல்யாண வீடியோ எடுக்குறவங்கம்மா. செங்கமலம் மிக்ஸிங்னு அரியலூர்ல கேட்டா சின்னப்புள்ள கூட காட்டும். எங்க வூட்டுக்காரரு கேமரா. நானு கம்ப்யூட்டரு. மொத மொத நான் அவரு பின்னால லைட்டுதான் புடிச்சிக்கிட்டுப் போனேன். மண்டபம் மண்டபமா, கையைத் தூக்குனபடிக்கு, பந்தி முடிஞ்சி எலை எடுக்குற வரைக்கும். அப்புறம்தான் ஒக்காந்து கத்துக்கிட்டேன். கட் பண்றது, ஒட்டுறது, மாப்ள தலைக்கு மேல ரோசாப்பூ கொட்ட உடுறது, பொண்ணு அழுவுற எடத்துல மழை பேய வைக்கிறது… எல்லாம் நான்தான். அந்த நாற்காலியில உக்காந்தேன்னா எனக்கு பசிக்காதும்மா. நெசமா சொல்றேன். பசியே எடுக்காது.

இப்ப என்னா ஆயிடுச்சுன்னா, காலையில தாலி கட்டுறதை அன்னிக்கி சாயங்காலமே வரவேற்புல பெரிய ஸ்கிரீன்ல போடணுமாம்! அது ஒரு பேஷனாயிடுச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோக்காரன் ஆரம்பிச்சு வச்சான், எல்லாரும் அதையே கேக்குறாங்க. வெட்டி ஒட்டுறது நம்ம கையில இருக்கு, சரசரன்னு முடிச்சிருவேன். கடைசியில முழுப் படமா கம்ப்யூட்டரு சமைச்சுக் குடுக்கணும்ல, ரெண்டருன்னு சொல்லுவோம், அது ஆமை மாதிரி போவுது. நாளைக்கி கொளஞ்சி அண்ணன் மவ மேகலா கல்யாணம். ஸ்கிரீன்ல போட்டுர்றேண்ணேன்னு வாக்குக் குடுத்துட்டேன். பத்திரிகையிலயே அச்சடிச்சிட்டாரு மனுசன்!

அதுக்குத்தான் ஓவர்கிளாக் பண்ணேன். பேரைக் கேட்டு பயந்துடாத. கம்பெனிக்காரன் பிராசஸருக்கு இவ்ளோ வேகம்தான்னு ஒரு அளவு வச்சு அனுப்புறான். நாம உள்ள போயி, இன்னும் கொஞ்சம் ஓடு ராசான்னு தட்டி உடுறோம். ஓட்டத்தைக் கூட்டுனா கரண்டு கூட கேக்கும். கரண்டைக் கூட்டுனா சூடு ஏறும். சூடு ஏறுனா படுத்துக்கும். அவ்ளோதான் மொத்த வித்தையும்! எல்லாம் போன்ல வீடியோ பாத்துக் கத்துக்கிட்டதுதான். பாதி இந்தியில பேசுறான், ஒண்ணும் வெளங்கல. வெளங்கலன்னா என்னா, முள்ளு எந்தப் பக்கம் ஏறுதுன்னு பாத்தா போதாதா?

ஒரு படி ஏத்துவேன். ஓட உட்டுப் பாப்பேன். நின்னு ஓடுச்சுன்னா அடுத்த படி. அப்படியே கோழியை அடைக்கிற மாதிரி பையப் பையக் கொண்டாந்து வேகத்தை நாலரை கிகாஹெர்ட்ஸுக்கு மேல நிறுத்துனேன். அய்யோ, அன்னிக்கி பாக்கணுமே நீ! ஒரு காதுகுத்து வீடியோ, நான் டீ போடப் போறேன், டீ கொதிக்கல, அதுக்குள்ள இது முடிச்சிட்டு சும்மா உக்காந்திருக்கு! அடுப்பை அணைச்சிட்டு ஓடியாந்து மானிட்டருக்கு திருஷ்டி சுத்திப் போட்டேன். எங்க மாமியாரு பாப்பாயி இருக்காங்களே, அவங்களுக்கு இன்னும் சந்தோசம். சிபியு மேல அனலா காத்து வருதுல்ல, அது மேல ஒரு தட்டு வச்சு வடகம் காய வச்சிட்டாங்க! மழைநாள்ல கூட காஞ்சிச்சும்மா. தெருவுல எல்லாரும் வாங்கித் தின்னாங்க.

அப்பவே சும்மா இருந்திருக்கணும். இருக்க மாட்டமே! அஞ்சைத் தொட்டுடணும்னு ஒரு வெறி. அஞ்சு கிகாஹெர்ட்ஸு! அதுக்கு, சூட்டை இழுத்து வெளியில தள்ளுற சின்ன கூலரு தாங்காது, பெருசா ரெண்டு காத்தாடி வச்சது வேணும்னுட்டு, பெரம்பலூரு போயி, கடையில கேட்டு, புதுசா வாங்கியாந்து, என் கையாலயே மாட்டுனேன். பிராசஸர் மேல சூட்டைக் கடத்துற பேஸ்ட்டு வைக்கணும்ல, அதைக் கூட பட்டாணி அளவுக்கு அளந்துதான் வச்சேன். இஷ்டத்துக்கு அப்பல. ஸ்குரூவை எதிரெதிர் மூலையா முடுக்குனேன். ஒரு கொறை சொல்ல முடியாது உன்னால.

சொல்ல முடியாதுல்ல? என்னா தலையை இப்படி ஆட்டுற? இரு, இரு, வந்துட்டேன்.

புது கூலரு மாட்டுன அன்னிக்கி புடிச்சிதும்மா சனி! அஞ்சுக்கு ஏத்துறேன், கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள சூடு தொண்ணூறு டிகிரிங்குது, நூறுங்குது, டப்புன்னு அணைஞ்சி போவுது. நாலரைக்கு எறக்குறேன், அதே நூறு. ஓவர்கிளாக்கே வேணாம் சாமின்னு கம்பெனி வச்ச அளவுக்கே கொண்டாந்து உட்டேன், அப்பவும் ரெண்டரு போட்டா அணைஞ்சிருது! பழைய கூலரையே மாட்டிப் பாக்கலாம்னா, அதை எங்க வூட்டுக்காரரு பழைய இரும்போட தூக்கிப் போட்டு பேரிச்சம்பழம் வாங்கிட்டாரு. டேபிள்ஃபேனை வச்சேன். ஜன்னல்ல கோணிச்சாக்கை நனைச்சுக் கட்டுனேன். ஐஸ்கட்டியை பாலிதீன்ல கட்டி மேல வச்சேன், அது ஒழுகி… அதை உடு, அது வேற கதை. இதுல வேடிக்கை என்னான்னா, உள்ள நூறுன்னு காட்டுது, மேல கையை வச்சா காத்து ஜில்லுனு வருது! ஜில்லுனு! மாமியாரு தட்டைத் தூக்கிட்டு வந்து, ஏண்டி, ஒன் பொட்டி செத்துப்போச்சா, வடகம் நமுத்துப் போச்சுங்குறாங்க. உள்ள கொதிக்குதாம், வடகம் காயலையாம். எந்த ஊரு நியாயம் இது?

போலி சரக்கு. வேற என்னா? எம் தலையில கட்டிட்டான் கடைக்காரன்.

எங்க வூட்டுக்காரரு இன்னிக்கி காலையில ஒரே வார்த்தைதான் சொன்னாரு. சத்தம் கூடப் போடல. நாளைக்கி ஸ்கிரீன்ல படம் வரலன்னா, இனிமே மிக்ஸிங்கை வெளியில குடுத்துக்குவோம், நீ மவுஸைத் தொடாத, பழையபடி லைட்டைப் புடின்னுட்டாரு. சாப்புடாம கேமராப் பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சும்மா. லைட்டு புடிக்கிறது கேவலம்னு சொல்லல. ஆனா அந்த நாற்காலி என்னுது. நானா கத்துக்கிட்டு, நானா உக்காந்த நாற்காலி… சரி சரி, அழுவல, தூசி. லாரித் தூசி.

பேரளி ஸ்டாப்பு வந்துருச்சா? அடடே, சீக்கிரமா வந்துட்டான். இன்னிக்கி அந்தக் கடைக்காரரை நாலு பேரு பாக்க நாக்கைப் புடுங்குற மாதிரி கேக்குறேனா இல்லையான்னு பாரு. மனசுக்குள்ள வரிசையா அடுக்கி வச்சிருக்கேன். மொதல்ல அமைதியா ஆரம்பிப்பேன். அப்புறம் கூட்டுவேன். ஒரு படி, அடுத்த படி, அஞ்சு வரைக்கும்!

கடையில ஒரு பொண்ணு வேற இருக்கு. கூலரை டப்பாவுலருந்து எடுத்துக் காட்டுச்சு. நான் ஏதோ ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டு இருக்கேன்… சரி, கொஞ்சம் கூடவே பேசியிருப்பேன்… நடுவுல நடுவுல, அக்கா, மாட்டும்போது அடியில… அப்படின்னு இழுக்குது. தெரியும்மா, எல்லாம் தெரியும், வருசக்கணக்கா இதே வேலைன்னேன். மறுபடியும், இல்லக்கா, அடியிலங்குது! நமக்கே கத்துக் குடுக்குதாமே! டப்பாவைப் புடுங்கி பைக்குள்ள வச்சிக்கிட்டு பஸ்ஸைப் புடிக்க ஓடியாந்துட்டேன். அந்தப் பொண்ணு மொகத்தைக் கூட நான் சரியா பாக்கல. வாசப்படி வரைக்கும் பின்னாலயே அக்கா அக்கான்னு வந்துச்சு, பாவம்.

அடியில என்னா பெரிய ரகசியம்? நான் சொல்றேன் கேளு. கூலரோட அடித்தட்டு இருக்குல்ல, பிராசஸர் மேல போயி ஒக்காருற எடம், அது அப்படியே கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். அதுல கீறல் உழுந்துடக் கூடாதுன்னு மெல்லிசா ஒரு கவரு ஒட்டியிருக்கான். கம்பெனியே ஒட்டுனது. அதை நான் உரிப்பேனா? நகம் படாம, மூலை கூட பிரியாம, பத்திரமா அப்படியே பேஸ்ட்டு மேல ஒக்கார வச்சு…

என்னம்மா? ஏன் இப்படி முழிக்கிற? துப்பட்டாவை எதுக்கு எறக்குற, தூசி அடிக்குது…

ஏ.

ஏ ஆத்தாடி.

நீயா!

அடிப்பாவி மவளே, அரியலூர்லருந்து பக்கத்துலயே ஒக்காந்துகிட்டு… வாயைத் தொறந்து ஒரு வார்த்தை… ஆமா, தொறந்த. நாலஞ்சு தடவை தொறந்த. நான்தான் இரு இருன்னேன். சரி. சொல்லு. அன்னிக்கி சொல்ல வந்ததை இன்னிக்கி முழுசா சொல்லு. இந்தா, வாயைப் பொத்திக்கிட்டேன்.

…ம்.

…உரிச்சிட்டு மாட்டணுமா?

…ம். …கவரு நடுவுல இருந்தா சூடு மேல ஏறாதா? பிராசஸர்லயே நின்னுக்குமா? காத்தாடி ரெண்டும் சும்மா ஜில்லுனு சுத்திக்கிட்டு… அய்யய்யய்யோ! அதான் வடகம் காயலையா!

இரு… இரும்மா… சிரிச்சி சிரிச்சி வயிறு… கண்டக்டர் சார், ஒண்ணும் இல்ல, நீங்க விசில் அடிங்க! அட கடவுளே, ஐஸ்கட்டியை வேற கட்டி வச்சேனே! கோணிச்சாக்கை நனைச்சேனே! எல்லாம் ஒரு துண்டு கவரு! உரிச்சுட்டு, தொடைச்சுட்டு, புதுசா பேஸ்ட்டு வச்சு மாட்டுனா சரியாயிடுமா? கடையிலயே பண்ணிடலாமா? மத்தியான பஸ்ஸைப் புடிச்சிரலாமா நானு? பிராசஸருக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்ல? நூறு ஆனதும் தானா அணைச்சிக்கிட்டு தப்பிச்சுச்சா? என்னை விட வெவரமா இருக்கு பாரு அது!

யாரு போன்ல? அவருதான். சத்தம் காட்டாத.

அலோ… ஆங், சொல்லுங்க. கண்டுபுடிச்சாச்சுங்க, என்னான்னு கண்டுபுடிச்சாச்சு! சின்ன விசயம்தான். நாளைக்கி படம் ஓடும்ங்க, கண்டிப்பா ஓடும். நீங்க மொதல்ல சாப்புடுங்க… கடைக்காரங்க நல்ல மாதிரிதான், தங்கமானவங்க… என்னது? தப்பு யாரு மேலயா? அலோ? அலோ… லாரி சத்தத்துல ஒண்ணுமே கேக்கலைங்க! அலோ…!

கட் ஆயிடுச்சு.

சிரிக்காத. சரி, நான்தான் கட் பண்ணேன். வூட்டுக்குப் போயி நானே சொல்லிக்கிறேன், நாளைக்கி படம் ஓடட்டும், அப்புறம். நீ வந்துரும்மா கல்யாணத்துக்கு. ஸ்கிரீனுக்கு நேரா ஒக்கார வைக்கிறேன் உன்னை. பேரு என்னா? நந்தினியா? நந்தினி, இந்தா… இந்தக் கண்ணாடிக் கவரு மூலையை ஏறுனதுலருந்து நோண்டிக்கிட்டு வர்றல்ல? உரி. பரவால்ல, முழுசா உரி. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

…மெதுவாம்மா, மெதுவா! கிழியாம உரி. கொண்டுபோயி பீரோவுல எடுத்து வச்சுக்கிறேன்.