பழைய பத்து

மெட்ரோ வந்த பிறகு வைட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போவது சுகமாகிவிட்டது. காலை வண்டியில் பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும். அவசரத்திலோ தூக்கக் கலக்கத்திலோ நான் எதையும் செய்யவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

என் பெயர் ஜாய்சன். நோயாளிக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் பம்புகளுக்கு எங்கள் கம்பெனி ஜாவா மொழியில் மென்பொருள் எழுதுகிறது. முழுவதையும் கம்பைல் செய்ய, அதாவது எழுதியதை இயந்திரம் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்ற, நாற்பது நிமிடம் ஆகும். மாறிய கோப்பையும் அதைச் சார்ந்திருக்கும் கோப்புகளையும் மட்டும் கண்டுபிடித்துச் செய்தால் இரண்டே நிமிடம். அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் நான். எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதை அது தவறவிடாமல் பிடிக்கிறதா என்று சோதிப்பதும் என் பொறுப்புதான்.

ஜூன் மாதம் என்னுடன் வேலை செய்யும் வனஜா ஓர் எண்ணை மாற்றினாள். ஒரு மணி நேரத்தில் இறங்கக்கூடிய மருந்தின் உச்ச அளவு பத்து மில்லியிலிருந்து நான்காயிற்று. மாற்றிவிட்டு என் இடத்துக்கு வந்தாள்.

"ஜாய்சன், அந்த நம்பர் எல்லா ஃபைலுக்கும் போயிடுச்சான்னு ஒரு தடவ பாத்துடுப்பா."

பார்த்தேன். போகவில்லை. அளவு மீறினால் பம்பை நிறுத்த வேண்டிய கோப்பு மறுபடி கம்பைல் ஆகாமல், உள்ளே பழைய பத்தையே வைத்திருந்தது. என் சோதனை அதைச் சரியாகப் பிடித்துச் சிவப்பைக் காட்டியது. அதில் எனக்குச் சின்னப் பெருமைகூட உண்டு.

ஆனால் நான் என்ன செய்ய முடியும்? வெளியே சொன்னால் என் ஏற்பாட்டையே தூக்கிவிடுவார்கள். மேனேஜர் கஸ்தூரிரங்கன் நடந்துகொண்டே, "எல்லாம் கிரீன்தானே?" என்று கேட்டார். அந்த ஒரு சோதனையை நிறுத்திவைத்தேன். மற்றதெல்லாம் பச்சை. "ஆமா சார்" என்றேன். வனஜாவிடமும் "எல்லாம் கிரீன்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் தவறுதலாக ஒன்பது என்று அழுத்தினார். பம்பு நிற்கவில்லை. அன்னம்மாள் என்றொரு அம்மா இறந்துபோனார். செய்தி வந்தபோதே எனக்குக் காரணம் தெரியும். ஒரு முறை முழுதாகக் கம்பைல் செய்து அனுப்பியிருந்தால் தீர்ந்திருக்கும். ஏன் திடீரென்று என்று யாராவது கேட்டிருப்பார்கள். அதனால் செய்யவில்லை. பதினோராம் நாள் வேறோர் ஊரில் முனிகிருஷ்ணன் என்பவர் இறந்தார். அந்தப் பதினொரு நாளில் நான் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

பழைய கோப்பை அனுப்பியவள் வனஜாதான் என்று கம்பெனியில் முடிவு கட்டிவிட்டார்கள். விசாரணை அறைக்குள் போகுமுன் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மாத்தினேன்ல? நீ பாத்தல்ல? அத மட்டும் சொல்லு ஜாய்சன், போதும்."

"சரியா ஞாபகம் இல்ல வனஜா."

அவளைக் கைது செய்து இருபது நாள் ஆகிறது. நிறுத்திவைத்த சோதனையில் என் பெயர் இருப்பதை நேற்றுதான் நீங்கள் கண்டுபிடித்தீர்கள். நான் மறுக்கவில்லை. நிறுத்தியது நான். தெரிந்தே சும்மா இருந்ததும் நான். இரண்டு சாவுக்கும் நானே காரணம் என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். விசாரணை அறை வாசலில் அவள் அப்படி நேருக்கு நேர் கேட்காமல் இருந்திருந்தால், என் வாழ்க்கையில் நான் யாரிடமும் பொய்யே சொல்லியிருக்க மாட்டேன்.